மலிவான ஆன்லைன் பட்டம்: சேருவதற்கு முன் யாராவது சொல்லியிருக்கலாம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது போலிப் பல்கலைக்கழகம் அல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது, நான் படித்த பி.காம். படிப்பும் இருக்கிறது. பட்டம் செல்லும். போலியாக இருந்திருந்தால் இரண்டு நாள் அழுதுவிட்டு, காவல் நிலையத்தில் ஒரு புகார் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பேன். செல்லக்கூடிய ஒரு பட்டத்தை, எல்லாத் தேர்வும் எழுதி முடித்த பிறகு, கையில் வாங்குவதற்கு நான் பட்ட பாடுதான் இங்கே சொல்ல வந்தது. எச்சரிக்கை என்று வருவதெல்லாம் போலிப் பல்கலைக்கழகங்களைப் பற்றியே வருகிறது. அங்கீகாரம் இருந்தும் ஆளைச் சுற்றவிடும் இடங்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பட்டம் கைக்கு வந்ததும் அதன் மதிப்பைத் தாமே குறைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வருவதில்லை போலும்.

எனக்கு வீடு தண்டையார்பேட்டையில். வேலை பாரிமுனை தம்புச் செட்டித் தெருவில், ஒரு சுங்கத் தரகர் அலுவலகத்தில். துறைமுகத்துக்கு வரும் சரக்குக்கு பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி விவரத்தைச் சுங்கத்துக்குக் காட்டும் ஆவணம்) போடுவது, வரிக் கணக்குப் பார்ப்பது, கன்டெய்னர் வெளியே வரும்வரை ஆவணங்களைத் துரத்துவது என்று பொழுது போகும். பிளஸ் டூ முடித்த கையோடு இந்த வேலைக்கு வந்தவள். தரகரின் சார்பில் சுங்கத்தில் வேலை பார்க்க அனுமதிக்கும் ஜி கார்டு வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் சொந்தமாக உரிமம் வாங்க நினைத்தால், 2018-ஆம் ஆண்டின் சுங்கத் தரகர் உரிம விதிமுறைகளின்படி பட்டதாரியாக இருக்க வேண்டும். எம்.பி.ஏ., எல்.எல்.பி. போன்ற தொழிற்படிப்பு இல்லாத சாதாரணப் பட்டதாரி என்றால் ஜி கார்டுடன் இரண்டு ஆண்டாவது வேலை பார்த்திருக்கவும் வேண்டும். அனுபவம் என்னிடம் வேண்டிய மட்டும் இருந்தது. பட்டம்தான் இல்லை. "ஒரு டிகிரியை மட்டும் முடித்துவிடும்மா, உரிமத் தேர்வுக்கு நானே பணம் கட்டுகிறேன்" என்று முதலாளி பல முறை சொல்லிவிட்டார்.

மகள் அப்போது யு.கே.ஜி. கப்பல் வருகிற நேரத்தைப் பொறுத்துத்தான் எங்களுக்கு வீட்டுக்குப் போகிற நேரம். மாலைக் கல்லூரி நடக்காத காரியம். அஞ்சல்வழியில் படிக்கலாம் என்றால் தேர்வு மையம், ஞாயிறு வகுப்பு என்று மாமியார் முகத்தைப் பார்த்து விடுப்பு கேட்க வேண்டும். ஆன்லைன் என்றால் வீட்டிலிருந்தே எல்லாம் என்றார்கள். வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம். பருவத்துக்கு ஏழாயிரம் ரூபாய், ஆறு பருவத்துக்கு 42,000. நான் விசாரித்ததிலேயே மிகக் குறைந்த கட்டணம் அதுதான். 2022 ஜனவரிப் பருவத்தில் சேர்ந்தேன்.

சேர்வதற்கு முன் செய்ய வேண்டிய சோதனையை நான் செய்தேன், அது என்னைக் காப்பாற்றவும் செய்தது. மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில், எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் பருவத்தில் எந்தெந்தப் படிப்பை ஆன்லைனில் நடத்தலாம் என்ற பட்டியல் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. உங்கள் படிப்பு, நீங்கள் சேரும் கல்வியாண்டு, ஆன்லைன் முறை ஆகிய மூன்றும் ஒரே வரியில் பொருந்த வேண்டும். பொறியியல், சட்டம், செவிலியர், பார்மசி போன்றவற்றை ஆன்லைனில் பட்டப்படிப்பாக நடத்த அனுமதியே கிடையாது. யாராவது தருவதாகச் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். அனுமதி பெற்ற ஆன்லைன் பட்டம் நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் மானியக் குழு தெளிவுபடுத்தியிருக்கிறது, அதை அச்செடுத்து வைத்துக்கொண்டால் அலுவலகத்தில் கேள்வி வரும்போது உதவும். 2024 செப்டம்பரில் தொடங்கிய பருவத்திலிருந்து ஒவ்வொரு மாணவரும் தனியாக ஒரு டெப் ஐடி (அந்தத் தொலைதூரக் கல்விப் பிரிவின் அடையாள எண்) உருவாக்க வேண்டும் என்றும் கொண்டுவந்திருக்கிறார்கள். அதை நீங்களே உங்கள் கைப்பேசியில் உருவாக்குங்கள். "ஓடிபி மட்டும் சொல்லுங்கள் மேடம், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு சரியாக இருந்த இடத்தில்தான் நான் மாட்டினேன். அங்கீகாரம் என்பது பட்டம் செல்லுமா என்ற கேள்விக்கு மட்டும் பதில். பட்டம் வருமா, எப்போது வரும், வரும்வரை யார் போனை எடுப்பார்கள் என்பதையெல்லாம் அந்தப் பட்டியல் சொல்லாது.

பணத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். 42,000 என்பது கற்பிப்புக் கட்டணம் மட்டும். பதிவுக் கட்டணம் 2,000. ஒவ்வொரு பருவமும் தேர்வுக் கட்டணம் 2,000. இது முதல் பருவத் தேர்வுக்கு முன்புதான் தெரிய வந்தது. சேரும்போது என்னிடம் பேசிய பையனைக் கேட்டால், "அது யுனிவர்சிட்டி ஃபீ மேடம், நாங்கள் சொன்னது கோர்ஸ் ஃபீ" என்றான். அரியர் எழுதியது, மறுமதிப்பீடு, தற்காலிகச் சான்றிதழ், கூரியர், தேர்வுக்காக வாங்கிய கேமரா எல்லாம் சேர்த்துக் கடைசியில் 68,000 ரூபாய் ஆகியிருந்தது. நானே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியதால் கடன் இல்லை. என்னுடன் சேர்ந்த பலருக்கு மாதத் தவணை என்று சொல்லி, ஒரு நிதி நிறுவனத்தில் கடன் போட்டுவிட்டிருந்தார்கள். இரண்டாம் பருவத்தில் விலகிய ஒரு பெண், வகுப்பே இல்லாத படிப்புக்கு மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தினால் சிபில் மதிப்பெண் கெடும். தவணை என்ற சொல் வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி: நான் கட்டுவது பல்கலைக்கழகத்துக்கா, வேறு யாருக்காவதா? கடன் என்றால், ஒப்புக்கொண்ட சில நாட்களுக்குள் அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள அவகாசம் தர வேண்டும் என்று டிஜிட்டல் கடன்களுக்கான ரிசர்வ் வங்கியின் விதிமுறை சொல்கிறது. அந்தச் சில நாட்கள் போய்விட்டால் நீங்கள் படித்தாலும் படிக்காவிட்டாலும் தவணை ஓடும். ரசீதில் யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லாத ரசீதை வைத்துக்கொண்டு பின்னால் பல்கலைக்கழகத்தை ஒன்றும் கேட்க முடியாது.

பாடம் எப்படி இருந்தது என்று கேட்டால், மோசமில்லை. பதிவு செய்த வீடியோக்கள், பி.டி.எஃப். பாடங்கள், கேள்வி வங்கி. மெட்ரோவில் போகும்போது பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். தண்டையார்பேட்டையில் ஏறி மண்ணடியில் இறங்கும்வரை சுரங்கப்பாதை. வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும், தரவிறக்கம் செய்துகொள்ளவும் அந்தச் செயலி விடாது. அதனால் இரவு பத்து மணிக்கு மேல்தான் படிப்பு. நேரடி வகுப்பு வார இறுதியில் என்று அட்டவணையில் இருந்தது. முதல் பருவத்தில் ஒழுங்காக நடந்தது. மூன்றாம் பருவத்தில் பாதி நாள் "ஆசிரியர் இன்னும் இணையவில்லை" என்ற வரியை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

தேர்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டிலிருந்தே தேர்வு என்பதைக் கேட்டுத்தான் என்னைப் போன்ற பெண்கள் இதில் சேருகிறார்கள். எங்கள் வீடு ஓர் அறையும் சமையலறையும் கொண்டது. தையல் இயந்திரத்தின் மேல் பலகை போட்டு, அலுவலகத்தில் கேட்டு வாங்கிய மடிக்கணினியை வைத்தேன். தேர்வு தொடங்குவதற்கு முன் கேமராவைக் கையில் எடுத்து அறையின் நான்கு சுவரையும் காட்டச் சொல்வார்கள். காட்டினேன். ஏற்றுக்கொண்டது. எழுத ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் திரையில் சிவப்பு எழுத்து: ஒன்றுக்கு மேற்பட்ட முகங்கள் தெரிகின்றன. அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை, கதவு தாழிட்டிருக்கிறது. மீண்டும் அதே எச்சரிக்கை. மூன்று முறை வந்தால் தேர்வு தானாக மூடிக்கொள்ளும் என்று விதியில் படித்திருந்தேன். இரண்டாவது எச்சரிக்கைக்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். என் தலைக்குப் பின்னால் சுவரில் மாமனார். காலமாகிவிட்டவர், சந்தன மாலை போட்ட பெரிய படம். கணினிக்கு அதெல்லாம் தெரியுமா? எனக்கு விடை சொல்லித்தர ஆள் நிற்கிறது என்று எடுத்துக்கொண்டது. எழுந்து படத்தைக் கழற்றினால் ஆள் இருக்கையில் இல்லை என்று மூன்றாவது எச்சரிக்கை வந்துவிடும். நாற்காலியோடு அங்குலம் அங்குலமாக நகர்ந்து, படத்தை என் தலையால் மறைத்துக்கொண்டு, கழுத்தை அசைக்காமல் வணிகச் சட்டத் தாளை எழுதி முடித்தேன். அடுத்த தேர்வுக்கு முன் படத்தைக் கழற்றிப் பரணில் வைத்தபோது மாமியார், "விளக்கேற்றுகிற படத்தை இறக்கி வைத்துத்தான் படிக்க வேண்டுமா?" என்று கேட்டார். அன்று முழுவதும் என்னிடம் பேசவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையில் நிற்கும் டிரெய்லர்களின் ஹாரன், தெருவில் மீன் கூவி விற்கும் குரல், ஆடி மாதம் கூழ் வார்க்கும்போது வைக்கிற ஒலிபெருக்கி எல்லாம் ஒலிவாங்கியில் பதியும். "பின்னணியில் குரல்" என்று குறிப்பு எழுதுவார்கள். வீட்டிலிருந்து தேர்வு என்று இவர்கள் சொல்வது தனியறையும் ஏசியும் உள்ள வீட்டை மனத்தில் வைத்துத்தான். வடசென்னையில் அப்படி வீடு எத்தனை பேருக்கு இருக்கிறது? சேருவதற்கு முன் தேர்வு விதிகளை அனுப்பச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மாதிரித் தேர்வு ஒன்று உண்டா என்று கேட்டு, உண்டு என்றால் அதை உங்கள் வீட்டில், அதே நேரத்தில், அதே இடத்தில் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். நான் கடைசியில் பெரம்பூரில் நாத்தனார் வீட்டு மாடியறையில் போய் எழுதினேன். அதற்கு அரை நாள் விடுப்பு, ஆட்டோ. அஞ்சல்வழியில் படித்திருந்தால் தேர்வு மையத்துக்கும் அதே செலவுதான் ஆகியிருக்கும்.

நான்காம் பருவத் தேர்வு 2023 டிசம்பரில். மிக்ஜாம் புயல் வந்தது எங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். டிசம்பர் 3 இரவிலிருந்து கொட்டிய மழையில் தெருவில் முழங்கால் அளவு நீர், நாட்கணக்கில் மின்சாரம் இல்லை, கைப்பேசிக் கோபுரமும் செத்துவிட்டது. திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் எண்ணெய்ப் படலம் வேறு சேர்ந்துகொண்டது. எனக்கு 5-ஆம் தேதி ஒரு தாள், 7-ஆம் தேதி ஒரு தாள். தண்ணீர் வடிந்து சிக்னல் கிடைத்தபோது இரண்டிலும் "வரவில்லை" என்று போட்டிருந்தார்கள். சென்னையில் கல்வி நிலையங்களுக்கு அரசு விடுமுறை விட்ட அறிவிப்பை இணைத்து மின்னஞ்சல் அனுப்பினேன். "தேர்வு அட்டவணை நாடு முழுவதும் பொதுவானது, தனிநபர் காரணங்களுக்கு மாற்ற இயலாது" என்று பதில் வந்தது. ஊரே மூழ்கியது தனிநபர் காரணம்! அந்த வரியைப் படித்தபோது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இரண்டு தாளையும் அடுத்த பருவத்தில் அரியராக, தாளுக்கு 1,500 கட்டி எழுதினேன். உள்ளூர்ப் பல்கலைக்கழகம் என்றால் இந்தப் பிரச்சினையே வராது, அவர்களும் தண்ணீரில்தான் நின்றுகொண்டிருப்பார்கள். வெளிமாநில நிறுவனத்தில் சேருபவர்கள், இயற்கைச் சீற்றத்தில் தேர்வு தவறினால் என்ன விதி என்பதைத் தேர்வு விதிமுறையில் தேடிப் பாருங்கள். அப்படி ஒரு பத்தியே இல்லையென்றால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேர்வு வைக்கும் இடத்தில் சென்னைக்காரர்கள் சேருவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஆறாம் பருவத் தேர்வை 2024 டிசம்பரில் எழுதி முடித்தேன். எல்லாத் தாளிலும் தேர்ச்சி. ஆனால் முடிவு "நிறுத்திவைக்கப்பட்டுள்ளது". காரணம், ஐந்தாம் பருவத்தில் இரண்டு பாடங்களுக்கு அசைன்மென்ட் மதிப்பெண் ஏறவில்லை. இந்த முறையில் அகமதிப்பீட்டுக்கு 30 விழுக்காடு வரை, பருவத் தேர்வுக்கு மீதி. அந்த முப்பது ஏறாவிட்டால் எழுபதில் எவ்வளவு வாங்கினாலும் பட்டியல் தயாராகாது. நான் அசைன்மென்ட்டை நாளுக்குள் ஏற்றியிருந்தேன். ஏற்றியதற்குத் திரையில் வந்த ஒப்புகையைப் படம் பிடித்தும் வைத்திருந்தேன். சுங்கத் தரகர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவளுக்கு அது பழக்கம், ஒப்புகை இல்லாத ஆவணம் ஆவணமே அல்ல என்பது எங்கள் தொழில் தர்மம். பருவம் முடிந்ததும் பழைய பாடப் பக்கங்களைப் போர்ட்டலிலிருந்து எடுத்துவிட்டார்கள். என்னிடம் அந்தப் படங்கள் இல்லையென்றால் நான் அசைன்மென்ட் எழுதியதற்கே சாட்சி கிடையாது. தயவுசெய்து ஒவ்வொன்றையும் தேதி தெரியும்படி சேமித்து வையுங்கள்.

உதவி மையத்துக்குப் போன் செய்தால் டிக்கெட் எண் தருவார்கள். சில நாளில் "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வரும். போர்ட்டலில் பார்த்தால் எதுவும் மாறியிருக்காது. மறுபடியும் போன், மறுபடியும் ஒரு டிக்கெட். 2025-இல் பாதி இப்படியே போனது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. "படித்து முடித்துவிட்டாயே, சான்றிதழ் எங்கே?" என்று கணவர் கேட்கும்போதெல்லாம், அச்சில் இருக்கிறது என்று சமாளித்தேன். முதலாளி கேட்பதை நிறுத்திவிட்டார், அதுதான் அதிகம் வலித்தது. என்னோடு வேலைக்குச் சேர்ந்த ஒருவர், பட்டதாரி, அந்த ஆண்டு உரிமத் தேர்வுக்கு விண்ணப்பித்தார். எனக்கு விண்ணப்பிக்கத் தகுதியிருந்தும் காட்டக் காகிதம் இல்லை. அரசுப் பணித் தேர்வுக்காகப் படிப்பவர்களுக்கு இது இன்னும் மோசமாக அடிக்கும். டி.என்.பி.எஸ்.சி.யில் அறிவிக்கை வெளியான நாளில் கல்வித் தகுதி இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். முடிவு ஒரு வாரம் தாமதமானாலும் அந்த வாய்ப்பு போனதுதான்.

உண்மை என்ன என்று தெரிய வந்தது எங்கள் பாட வழிகாட்டியிடமிருந்து. மென்டர் என்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் இருந்த அவர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் விலகிவிட்டார். அவருடைய எண் என்னிடம் இருந்ததால் அழைத்தேன். எடுத்த எடுப்பில், "மேடம், உங்கள் பெயர் எனக்கு நினைவிருக்கிறது, உங்கள் அசைன்மென்ட்டை நான் திருத்திவிட்டேன்" என்றார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒரு தனியார் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். மாலையில் இந்த வேலை. 250 மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி என்பது மானியக் குழுவின் 2020 விதிமுறை. இவரிடம் அப்படி நான்கு தொகுதி மாணவர்கள். திருத்தும் தாளுக்கு இவ்வளவு என்று பேச்சு. இரண்டு பருவமாக ஒரு பைசா வரவில்லை. கேட்டதற்கு, பணியாளர்களை அமர்த்தியது எங்களுக்காக இந்தப் படிப்பை நடத்தும் இடைநிலை நிறுவனம், அவர்களைக் கேளுங்கள் என்றது பல்கலைக்கழகம்; பல்கலைக்கழகம் தந்தால் நாங்கள் தருகிறோம் என்றது நிறுவனம். ஒரு கட்டத்தில் திருத்துபவர்கள் எல்லாரும் சேர்ந்து, பணம் வரும்வரை மதிப்பெண்ணைப் போர்ட்டலில் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள். நிர்வாகம் அவர்களுடைய கடவுச்சொற்களை முடக்கிவிட்டது. என் மதிப்பெண் அவருடைய வீட்டுக் கணினியில் ஒரு எக்செல் கோப்பில் கிடந்தது. "உங்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை மேடம். எங்களுக்கு வேறு எதைப் பிடித்து வைக்க முடியும்?" என்று கேட்டார். அதுவரை அந்தக் குரலைத் திட்டுவதற்காகத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். வாயெடுக்க முடியவில்லை.

என்னைச் சேர்த்துவிட்ட பையனும் அப்புறம் ஒரு முறை அழைத்தான். வேலையை விடப்போவதாகவும், கூகுளில் நல்ல மதிப்புரை எழுதினால் கடைசி மாத ஊக்கத்தொகை கிடைக்கும் என்றும் கேட்டான். எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு, சேர்ந்த பிறகு நீ ஏன் தம்பி போனையே எடுக்கவில்லை என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னான். மாதம் இத்தனை பேர் என்று இலக்கு. சேர்ந்தவர் விலகிப் பணத்தைத் திரும்பக் கேட்டால், அவனுக்குக் கொடுத்த ஊக்கத்தொகையில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் பணம் திரும்பப் பெறும் கெடு முடியும்வரை தேனாகப் பேசுவான், கேள்வி சிக்கலாக இருந்தால் எடுக்கவே மாட்டான். சிக்கலான கேள்விக்கு எழுத்தில் பதில் கொடுத்தால் அதுவே நாளைக்கு அவனுக்கு எதிரான ஆதாரம். அவனுக்கும் சொந்த ஊர் எண்ணூர் என்பது அன்றுதான் தெரிந்தது.

இதனால்தான் எனக்கு இப்போது கருத்து மாறியிருக்கிறது. ஒரு மலிவான பல்கலைக்கழகத்தைப் பற்றி விசாரிக்க, படிக்கிற மாணவர்களைக் கேட்பதைவிட அங்கே வேலை பார்ப்பவர்களைக் கேட்பது நல்லது. மாணவர்கள் முதல் ஆண்டில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், நானும் சொன்னேன். திருத்துபவருக்குச் சம்பளம் நின்றால் அடுத்த பருவத்தில் மாணவருக்கு மதிப்பெண் நிற்கும். நமக்குத் தெரிவதற்கு ஆறு மாதம் முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஊழியர்கள் தாங்கள் வேலை பார்த்த இடங்களைப் பற்றி எழுதும் தளங்களில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள், அதை நடத்தும் இடைநிலை நிறுவனத்தின் பெயரையும் போட்டுப் பாருங்கள். சம்பளப் பாக்கி என்ற புகார் ஓராண்டுக்குள் வந்திருந்தால் ஒதுங்கிவிடுங்கள். மாதிரி வகுப்பு ஒன்றில் கலந்துகொண்டு, ஆசிரியரிடம் நீங்கள் எத்தனை தொகுதி பார்க்கிறீர்கள், எந்த ஆண்டிலிருந்து இங்கே இருக்கிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். தவறில்லை.

எனக்கு வழி திறந்தது உயர் நீதிமன்றத்தின் பக்கத்திலேயே என் அலுவலகம் இருந்ததால். மதிய உணவு இடைவேளையில் எங்கள் கட்டடத்து மாடியில் இருக்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் போனேன். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம் என்று நினைத்திருந்தேன். ஐந்து லட்சம் ரூபாய் வரை செலுத்திய தொகைக்குக் கட்டணம்கூட இல்லை என்று படித்திருந்தேன். அவர் அவசரப்படாதே என்றார். தேர்வு நடத்துவதும் பட்டம் தருவதும் விலைக்கு விற்கும் சேவை அல்ல, அதனால் மாணவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்திருக்கிறது, பல்கலைக்கழகத்தின் மேல் போனால் அதைக் காட்டித் தப்பிக்கப் பார்ப்பார்கள் என்றார். கடன் கொடுத்த நிறுவனம், ஆள் சேர்த்துவிட்ட நிறுவனம் ஆகியவற்றின் கதை வேறு, அங்கே நுகர்வோர் சட்டம் பேசும், 1915 என்ற உதவி எண்ணிலேயே தொடங்கலாம் என்றும் சொன்னார். எனக்கு அவர் காட்டிய வழி 2023-ஆம் ஆண்டின் மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும்; புகார் கிடைத்த 15 வேலை நாளில் அது அறிக்கை தர வேண்டும்; திருப்தியில்லை என்றால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்; அவர் 30 நாளில் முடிக்க முயல வேண்டும். குறைதீர்ப்பாளர் யார் என்பதைப் பல்கலைக்கழகம் தன் இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும். எங்கள் பல்கலைக்கழகம் எங்கோ அடியில், யாரும் திறக்காத ஒரு பி.டி.எஃப்.பில் போட்டிருந்தது.

உதவி மையத்துக்கு எழுதுவதை அன்றோடு நிறுத்தினேன். ஒரு பக்கக் கடிதம். பதிவு எண், இரண்டு பாடங்களின் குறியீடு, ஏற்றிய தேதி, ஒப்புகைப் படம், கேட்பது ஒன்றே ஒன்று: இந்த இரண்டு மதிப்பெண்ணையும் ஏற்றி முடிவை வெளியிடவும். மாணவர் தகுதி பெறும் நாளிலிருந்து 180 நாளுக்குள் பட்டம் வழங்க வேண்டும் என்ற மானியக் குழுவின் 2008 விதிமுறையையும் ஒரு வரியில் குறிப்பிட்டேன். கோபம், புயல், மாமனார் படம் எதையும் எழுதவில்லை. மின்னஞ்சலிலும் அனுப்பினேன், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். குழுவிடமிருந்து பதில் இல்லை. அதே கடிதத்தைக் குறைதீர்ப்பாளருக்கும், மானியக் குழுவின் இ-சமாதான் என்ற புகார்த் தளத்திலும் போட்டேன். அந்தப் படிப்பின் அனுமதி நிலவரத்தைக் கேட்டு மானியக் குழுவுக்குப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு ஒன்றும் போட்டேன். தனியார் பல்கலைக்கழகத்தை நேரடியாகக் கேட்க முடியாவிட்டாலும், அதைப் பற்றி அரசு அமைப்பிடம் இருக்கும் தாளைக் கேட்கலாம். எது வேலை செய்தது என்று தெரியாது. சில வாரங்களில் பல்கலைக்கழகத்திலிருந்து முதல் முறையாக அவர்களாகவே அழைத்தார்கள். 2025 அக்டோபரில் தற்காலிகச் சான்றிதழ் வந்தது. மதிப்பெண் டிஜிலாக்கரிலும் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வீட்டில் சொன்னேன். அந்த மென்டருக்கும் அழைத்துச் சொன்னேன். அவருடைய பாக்கி இன்னும் வரவில்லையாம்.

இப்போது என்னிடம் யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? பகலில் போக முடிகிற வயதில் இருப்பவர்கள் வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியையோ பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியையோ விட்டுவிட்டு ஆன்லைன் பக்கம் போக வேண்டியதில்லை; அரசுக் கல்லூரிக் கட்டணம் எந்த ஆன்லைனையும்விடக் குறைவு. வேலைக்குப் போகிறவர்கள், சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம், சைதாப்பேட்டையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) சென்னை மண்டல மையம் மூன்றையும் முதலில் போய்ப் பாருங்கள். அங்கே குறையே இருக்காது என்று நான் உத்தரவாதம் தரவில்லை. தாமதமானால் பஸ் ஏறிப் போய் மேசைக்கு முன்னால் நிற்கலாம், அவ்வளவுதான். என் பல்கலைக்கழகத்தின் மேசை எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், கல்விக் கட்டணமே இல்லை என்று விளம்பரம் பார்த்து ஆசைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். கல்விக் கட்டணம் இல்லை என்றாலும் பாடத்துக்குப் பாடம் மதிப்பீட்டுக் கட்டணம் டாலரில் இருக்கலாம். அமெரிக்காவில் அது அங்கீகாரம் பெற்றதாகவே இருந்தாலும், ஆன்லைனில் வாங்கிய வெளிநாட்டுப் பட்டத்துக்கு இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்ற இணைத்தன்மைச் சான்று கிடைப்பது கடினம். வெளிநாட்டு வேலைக்கு என்றால் கதை வேறு. இங்கே அரசு வேலைக்கோ உரிமத்துக்கோ என்றால் அதை எடுத்துக்கொண்டு எங்கும் போக முடியாது.

அதையும் மீறி மலிவான ஆன்லைன்தான் முடியும் என்றால், முழுப் படிப்புக்கும் ஒரேயடியாகப் பணம் கட்டாமல் பருவத்துக்குப் பருவம் கட்டுங்கள். தேர்வுக் கட்டணம், அரியர், சான்றிதழ்க் கட்டணம் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பருவ முடிவு வந்ததும் அகமதிப்பீடு ஏறியிருக்கிறதா என்று அந்த வாரமே பாருங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், திருத்தியவரே அதற்குள் வேலையை விட்டிருப்பார்.

உரிமத் தேர்வுக்கான அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருக்கிறேன். புயலில் தவறிய இரண்டு தாளுக்குக் கட்டிய 3,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டு குறைதீர்ப்பாளருக்கு இன்னொரு கடிதம் போட்டிருக்கிறேன். சின்னத் தொகைதானே, விட்டுவிடு என்கிறார் கணவர். விடுவதாக இல்லை.